நான் கேட்ட இரண்டு டைமண்ட்

எனக்கு மறதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தேனியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சீட்டாடுகிற பத்துப் பன்னிரண்டு பேரும், அவர்கள் வீட்டுப் பெண்களும், ஒரு மருந்துக்கடையும் சேர்ந்து எனக்கு மறதி என்று முடிவுகட்டி இரண்டு வருடம் ஆயிற்று. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சின்னமனூரில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணத்தைக் கேட்காதீர்கள், அது இங்கே வராது.

ஆட்டத்தின் பெயர் பிரிட்ஜ். ரம்மி அல்ல. சீட்டு என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஊரில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. நான்கு பேர், இரண்டு ஜோடி, கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆடுவதற்கு முன் ஏலம். எத்தனை பிடி எடுப்போம், ஆட்டின், இஸ்பேட், டைமண்ட், கிளாவரில் எந்த இனம் துருப்பு என்று மாறி மாறி ஏலம் கேட்க வேண்டும். கூட்டாளியோடு பேச நமக்கு இருக்கிற ஒரே வாய் இந்தக் கேள்விதான். அதற்குமேல் ஒரு கண் சிமிட்டல், ஒரு கனைப்பு இருந்தால்கூட அது களவு.

கோயம்புத்தூரில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் என் அண்ணனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறவர் அவர். மலைக்கு மேலே எஸ்டேட்காரர்களோடு பழகிப் பழகி ஐம்பத்தாறு என்ற மலையாளத்துச் சீட்டாட்டத்தில் பெரிய கை. அவரும் உத்தமபாளையத்து வக்கீல் ஒருவரும் தேனி மருந்துக்கடைக்காரர் ஒருவரும்தான் முதலில் என்னிடம் வந்தார்கள். பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். அறையை வாடகைக்குப் பிடித்தது அண்ணன். ஆட்டத்தைக் கொண்டுவந்தது நான். இரண்டாவது விஷயத்தை இப்போது கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. மறதி எனக்காம்.

நானும் அண்ணனும் ஒன்பது வருடம் ஜோடி. எங்கள் ஏற்பாடுகளை எல்லாம் நான் ஒரு முழுத்தாளில் இரண்டு பக்கமும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். அதில் சிவப்பு மையில் எழுதிய ஒரே இடம், இரண்டு இனம் ஒரே கையில் வந்தால் அதை எப்படிக் காட்டுவது என்பது. ஆட்டினில் ஐந்து, இஸ்பேடில் ஐந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகான கை. ஆனால் எந்த இனத்தைக் கூட்டாளிக்குச் சொல்வது? ஒன்றைச் சொன்னால் மற்றது செத்துப்போகும். இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்வதற்குள் ஏலம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதனால் ஒரு தந்திரம். எதிராளி ‘ஒரு டைமண்ட்’ என்று தொடங்கினால், நான் ‘இரண்டு டைமண்ட்’ என்பேன். டைமண்ட் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எதிராளியின் இனம் எனக்கு எதற்கு? ஆட்டின், இஸ்பேட் இரண்டும் என்னிடம் இருக்கின்றன, உனக்குப் பிடித்ததை நீ எடு என்று அர்த்தம். கூட்டாளி கை எவ்வளவு வறண்டு கிடந்தாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேசாமல் ‘பாஸ்’ என்று விட்டுவிட்டால், நான் ஒரு சீட்டும் இல்லாத டைமண்டைத் துருப்பாக வைத்துத் தனியாக மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

அண்ணனுக்கு இது ஒருநாளும் மனசுக்குள் இறங்கவில்லை. ஐம்பத்தாறில் அவர் ஆடிப் பழகிய வழியில், ஓர் இனத்தின் பெயரைச் சொன்னால் அந்த இனம் கையில் இருக்கிறது. அவ்வளவுதான். இல்லாததைச் சொல்வது அவருக்குக் கூசியது. நிதானமாக இருக்கும்போது சரியாகச் சொல்வார். படபடப்பு வந்துவிட்டால் புத்தி மலைக்கு ஏறிவிடும்.

மதுரையில் ஒரு மன்றம் நடத்திய போட்டிக்குப் போனோம். முப்பது ஜோடிக்கு மேல். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து போனது நாங்கள் ஒரு ஜோடிதான். கடைசிச் சுற்றுக்கு வரும்போது நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஏசி அறையில்.

அந்தக் கை இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஐந்து ஆட்டின், ஆறு இஸ்பேட், டைமண்ட் ஒன்று, கிளாவர் ஒன்று. என் வலதுபக்கத்து எதிராளி ‘ஒரு டைமண்ட்’ என்று தொடங்கினார். நான் ‘இரண்டு டைமண்ட்’ என்றேன். இடதுபக்கத்துக்காரர் அண்ணனைப் பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்று மரியாதையாகக் கேட்டார்.

பிரிட்ஜில் கூட்டாளிகளுக்குள் ரகசிய ஏற்பாடு கூடாது. என் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் என் கூட்டாளி சொல்ல வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. அவர் தப்பாகச் சொன்னாலும் ஏலம் முடிகிறவரை என் முகத்தில் ஒரு சுருக்கம் விழக் கூடாது. ஏலம் எங்கள் பக்கம் முடிந்தால், முதல் சீட்டு விழுவதற்கு முன்னால் நடுவரைக் கூப்பிட்டு நானே உண்மையைச் சொல்ல வேண்டும். இது சட்டம். என் நல்ல குணம் அல்ல.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டைமண்ட் நீளமா வச்சிருக்காக” என்றார்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இடதுபக்கத்துக்காரர் பாஸ் சொன்னார். அண்ணன் கையில் அதிர்ஷ்டத்துக்கு ஆட்டின் ஐந்து இருந்திருக்கிறது. ‘இரண்டு ஆட்டின்’ என்றார். நான் என் கை பலத்தில் ‘நாலு ஆட்டின்’ என்றேன். எல்லாரும் பாஸ். அண்ணன் ஆட வேண்டும், நான் டம்மி, அதாவது என் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியவள்.

வலதுபக்கத்துக்காரர் ஒரு சீட்டில் விரலை வைத்தார். நான் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். எங்கள் ஏற்பாட்டின்படி என் கேள்விக்கு ஆட்டினும் இஸ்பேடும் என்று அர்த்தம், கூட்டாளி சொன்ன விளக்கம் தப்பு என்றேன். நடுவர் எங்கள் தாளை வாங்கிச் சிவப்பு மையைப் பார்த்துத் தலையாட்டினார். எதிராளி விரலை எடுத்தார், யோசித்தார், வேறு சீட்டைப் போட்டார். இஸ்பேட்தான் போட இருந்தேன், உங்களால் தப்பித்தேன் என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். ஒரே ஒரு பிடியில் தோற்றோம். அந்த ஒரு பிடியில் கோப்பையும் போயிற்று.

திரும்புகிற காரில், ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னத்தா? மறந்து கேக்குறது அங்கன தப்பே கிடையாதுல்ல.”

அது உண்மை. ஏற்பாட்டை மறந்துபோய்த் தாறுமாறாகக் கேட்பது பிரிட்ஜில் குற்றமில்லை. கேட்டதைத் தப்பாக விளக்குவதுதான் குற்றம். நான் சும்மா இருந்து, சீட்டை விரித்ததும் ‘ஐயோ, மறந்துவிட்டேன்’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான். சட்டத்தை எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் பாருங்கள்.

“மறந்தது நானில்லையே அண்ணே” என்றேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அடுத்த ஞாயிறு வக்கீல் வழக்கம்போலச் சின்னமனூரில் காரை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார். உத்தமபாளையத்திலிருந்து தேனிக்கு அதுதானே வழி. நல்ல மனிதர், கேலிக்காரர். வண்டியை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “டூ டைமண்ட மாத்தி வச்சத மறந்துட்டீகளாம்ல அக்கா? அண்ணன் சொன்னாக.”

அண்ணன் வாரத்துக்குள் ஒரு கதை கட்டிவிட்டிருந்தார். அந்தப் போட்டிக்கென்று பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டோமாம், இரண்டு டைமண்ட் என்றால் டைமண்ட்தான் என்று பேசி வைத்தோமாம், தங்கச்சி பதற்றத்தில் மறந்துவிட்டதாம். அறைக்குப் போனதும் எல்லார் முன்னாலும் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பழைய தாள் என்றார். நான் குரலை உயர்த்தியதும், என்னைத் தாண்டி மற்றவர்களைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்: “விடுங்கப்பா. வயசாகுதுல்ல. எல்லாருக்கும் வர்றதுதான்.”

அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் பாதிப் பேராவது என் பக்கம் நின்றிருப்பார்கள். மன்னித்துவிட்ட அண்ணனுக்கு முன்னால் கத்துகிற தங்கச்சியை யார் நம்புவார்கள்? என்னைவிட நாலு வயது மூத்தவர், எனக்கு வயதாகிறது என்கிறார், பன்னிரண்டு பேர் தலையாட்டுகிறார்கள்.

அடுத்த மாதமே மலையிலிருந்து ஓர் எஸ்டேட் மேனேஜர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனின் புது ஜோடி. நான் யாராவது வராத நாளில் இட்டு நிரப்புகிற ஆளானேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த மறதி சீட்டு மேசையோடு நிற்கவில்லை.

முதலில் மதினி, அண்ணன் மனைவி. தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன். கேஸை மூடினீர்களா, மோட்டாரை நிறுத்தினீர்களா, காலையில் மாத்திரை போட்டீர்களா. எனக்கு மாத்திரையே கிடையாது. பிறகு மருந்துக்கடைக்காரர் ஒரு டப்பா வல்லாரைக் காப்சூல் கொடுத்தார், பணம் வாங்க மாட்டேன் என்றார். பிறகு அண்ணன் என் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார், அவசரத்துக்கு ஆகுமாம். தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் அந்தச் சின்னப் பிள்ளை டாக்டர். இரண்டு வரைக்கும் நிற்காமல் கழித்துவிட்டு, அடுத்து மைனஸ் ஐந்து, வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே தெரியாது என்று மதினி சொந்தக்காரர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சின்னமனூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடச் சொன்னார்கள். தை பிறந்ததும் சாமான்களை ஏற்ற வண்டி அனுப்புவதாகவே அண்ணன் சொல்லிவிட்டார்.

ஒருநாள் தேனி பஸ்ஸில் வீரபாண்டி வரைக்கும் போய்விட்டேன். கதவைப் பூட்டினேனா என்று திடீரென்று ஒரு சந்தேகம். இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. பூட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுதேன். என் அண்ணன் ஒரு கோப்பைக்காகச் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவரை மனதாரச் சபித்தேன். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஐப்பசி மழையில் போடிமெட்டு ரோட்டில் பாறை விழுந்து எஸ்டேட் மேனேஜரால் இறங்கி வர முடியவில்லை. அந்த ஞாயிறு வக்கீல் போன் செய்து, ஒரு கை குறைகிறது அக்கா, வருகிறீர்களா என்றார். போனேன். வக்கீலும் மருந்துக்கடைக்காரரும் ஜோடி. அண்ணனுக்கு எதிரே காலியாக இருந்தது என் பழைய நாற்காலி. உட்கார்ந்தேன். மற்ற மேசைகளில் ஆட்டம் முடிந்து, நாலைந்து பேர் டீ கிளாஸோடு எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் என்று நினைக்கிறேன். நினைப்பது என்ன, மூன்றாவதுதான். வக்கீல் ‘ஒரு டைமண்ட்’ என்று தொடங்கினார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் ‘இரண்டு டைமண்ட்’ என்றார். அதே கேள்வி. ஏற்பாட்டை மாற்றிவிட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னவர், புது ஜோடியோடு அதையே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் தாளை வைத்துத்தான் அந்த மேனேஜருக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். சட்டப்படி அவர் என்னிடம்தான் கேட்க வேண்டும். நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்: “அண்ணன் என்ன சொல்றாகன்னு தெரியுதாம்மா?”

நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வகுப்பெடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். “டைமண்ட் கிடையாது. ஆட்டின் குறைஞ்சது அஞ்சு, இஸ்பேட் குறைஞ்சது அஞ்சு. ரெண்டுல ஒண்ண நான் எடுக்கணும். கை எவ்வளவு மோசமா இருந்தாலும் எடுக்கணும், பாஸ் சொல்லக் கூடாது. ஒன்பது வருஷமா இதான் எங்க ஏற்பாடு. நடுவுல மாத்தினதே இல்ல.”

அண்ணன் தன் சீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தார். மருந்துக்கடைக்காரர் மெதுவாகப் பாஸ் என்றார். என் முறை.

என் கையில் ஆட்டின் நான்கு இருந்தது, ராஜாவோடு. டைமண்ட் ஒன்றே ஒன்று. ஆட்டின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் கெட்டியாக ஜெயிப்பார்.

“பாஸ்” என்றேன்.

வக்கீல் எதிராளிதான், ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, இப்பத்தான பாஸ் கூடாதுன்னு சொன்னீக” என்றார்.

“மறக்கல வக்கீலய்யா. தெரிஞ்சுதான் விட்டேன்.”

அப்போதுதான் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மதுரைக்குப் பிறகு முதல் தடவை. நானும் பார்த்தேன். வக்கீல் பாஸ் சொல்ல, மருந்துக்கடைக்காரர் முதல் சீட்டைப் போட, நான் டம்மியாக என் சீட்டுகளை விரித்தேன். நான்கு ஆட்டினும் வரிசையாக மேசையில் கிடந்தன, எல்லாரும் பார்த்தார்கள். எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து மூன்றே டைமண்ட். பிரிட்ஜில் ‘இரண்டு’ என்றால் ஆறுக்கு மேல் இரண்டு, அதைத் துருப்பாக வைத்து எட்டுப் பிடி எடுக்க வேண்டும். மூன்று எடுத்தார். அந்தப் பதின்மூன்று சீட்டும் விழுந்து முடிகிறவரை ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பஸ்ஸில் பாதி வழிகூடத் தாங்கவில்லை. வாய் இல்லாத கூட்டாளி ஒரே ஒரு கேள்வியில் தன் கையைக் காட்டுகிறான், அதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறவர்களை நானே எத்தனையோ தடவை ஆட லாயக்கில்லாதவர்கள் என்று திட்டியிருக்கிறேன். அண்ணன் செய்தது வெளியே சொன்ன பொய். நான் செய்தது ஆட்டத்துக்குள்ளே. எது பெரிது என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் பிடிக்கவில்லை.

அன்று ஆறரைக்கு மதினியின் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரக் கடைசியில் அண்ணன் கடைப் பையன் வந்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே என் வீட்டுச் சாவியின் நகல். ஒரு வரி எழுத்தில்லை. தை பிறந்தது, வண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் காரும் நிற்கவில்லை. இப்போது போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். அதில் கேள்வியின் அர்த்தத்தை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, திரையில் தானாக வந்துவிடுகிறது.

போன மாதம் சின்னமனூரில் வாழைத்தார் வாங்க வந்த வக்கீலைக் கடையில் பார்த்தேன். சங்கடப்பட்டார். அறையில் எல்லாரும் நலமா, என்னைப் பற்றி இப்போது என்ன சொல்கிறார்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்றாகக்கா” என்றார்.

நல்லதாகச் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.